அவள் மூடாத டேப்புகள்

எங்கள் பிரிவுக்குப் பொதுவாக ஒரு போன் வாங்கிக் கொடுத்தார்கள். ஆம்பூரில் ஏற்றுமதிக்கு ஷூ செய்யும் கம்பெனி. வெளிநாட்டு வாடிக்கையாளர்களுக்கு மாதிரி ஷூ அனுப்பி ஒப்புதல் வாங்குவது எங்கள் வேலை. தோலின் நிறத்தைப் படமெடுக்கவும், கூரியர் எதுவரை போயிருக்கிறது, ஒப்புதல் வந்துவிட்டதா என்று பார்க்கவும் அந்த போன். கம்ப்யூட்டர் பிரிவுக்காரர் அதை மேசைமேல் வைத்துவிட்டுக் கேட்டார்.

"பிரவுசரைத் தெறந்தா நேத்து தெறந்து வச்ச பக்கம், அந்த டேப்பெல்லாம் திரும்ப வரணுமா, இல்ல காலியா வரணுமா? ஒண்ணு சொல்லுங்க, செட் பண்ணிட்டுப் போய்ட்றேன்."

"காலியா" என்றேன் நான்.

"அப்படியே வரட்டும்" என்றாள் அவள்.

அவள் ஒடுகத்தூர்ப் பக்கத்துப் பெண். அப்பாவுக்கு வேர்க்கடலையும் கொஞ்சம் நெல்லும். எனக்குப் பிறகு வேலைக்குச் சேர்ந்தவள், என்னை அக்கா என்று கூப்பிடுவாள். இப்போது மகளோடு வேலூரில் வாடகைக்கு இருந்தாள். கம்பெனி பஸ்ஸில் என் பக்கத்து சீட். அவள் என்ன பேசினாலும் நாலு பேருக்குக் கேட்கும்.

"பொது போனு. ஒருத்தர் பார்த்தது இன்னொருத்தருக்கு எதுக்கு?" என்றேன். "அதுவுமில்லாம பழைய பக்கம் அப்படியே நிக்கும். நேத்து ஒப்புதல் வரலைன்னு இருந்ததைப் பார்த்துட்டு, இன்னைக்கும் வரலைன்னு நெனச்சுக்குவோம்."

"ஒரு தடவை ரீஃப்ரெஷ் பண்ணா போச்சு" என்றாள் அவள். "நம்ம வேலையே பாதியில விட்டு மறுநாள் தொடர்ற வேலைதானே அக்கா. தெனமும் மொதல்லேர்ந்து தேடணும்னா பேஜாரு."

மேனேஜர் தன் இடத்திலிருந்தே சொன்னார்: "அந்தம்மா சொல்றது கரெக்ட். வரட்டும்."

இவ்வளவுதான் நடந்தது. ஆனால் அன்று மத்தியானம் எனக்குச் சோறு இறங்கவில்லை. அவள் என்னைவிட நன்றாக இங்கிலீஷ் பேசினாலும் பொறுத்துக்கொண்டிருப்பேன். அவளுடைய சொந்த போன்மேல்தான் எனக்குப் பொறாமை. அது நெடுநாளாக எரிந்துகொண்டிருந்தது.

அதற்கு ஒரு காரணம் உண்டு. முந்தின வருஷம் ஒரு கூட்டத்தில் கூரியர் எங்கே என்று மேனேஜர் கேட்டார். காட்டுகிறேன் சார் என்று என் போனில் பிரவுசரைத் திறந்து அவர்கள் முன்னால் நீட்டினேன். நான் முதல்நாள் இரவு படித்துக்கொண்டே தூங்கிப்போன பக்கம் வந்து நின்றது. 'குழந்தையின்மை: பரிசோதனைக்குக் கணவரைச் சம்மதிக்க வைப்பது எப்படி?' தலைப்பு கொட்டை எழுத்தில் இருந்தது. மேனேஜர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். யாரோ இருமினார்கள். யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. சிரித்திருந்தால்கூடத் தேவலை என்று தோன்றியது.

அன்றைக்கே, பிரவுசரை விட்டு வெளியே வந்தால் எல்லா டேப்பும் மூடிக்கொள்ளும்படி மாற்றிவிட்டேன். அதற்கப்புறம் என் பிரவுசர் எப்போது திறந்தாலும் துடைத்த பலகைபோல வெறுமையாக வரும். பாதி படித்த டாக்டர் குறிப்பு, எங்கேயோ பார்த்த ஒருத்தியின் அனுபவம், எல்லாம் போய்விடும். மறுபடி முதலிலிருந்து தேடுவேன். தேடும்போதெல்லாம் அந்த வார்த்தையைத் திரும்ப டைப் செய்ய வேண்டியிருந்தது.

அவள் போனோ திறந்த வீடு. கடலை விலை, மகளின் ஸ்காலர்ஷிப், ஜாக்கெட் கழுத்து டிசைன், பம்புசெட் மோட்டார் காயில், தலைவலி எதனால் வருகிறது, எல்லாம் அடுக்கடுக்காக இருக்கும். யார் கேட்டாலும் போனைக் கொடுத்துவிடுவாள். பார்த்தவர்கள் சும்மா இருக்க மாட்டார்கள். மோட்டார் பக்கத்தைப் பார்த்த கேன்டீன் அண்ணன், ராணிப்பேட்டையில் தனக்குத் தெரிந்த கடையில் சொல்லி காயில் வாங்கிக் கொடுத்தார். ஸ்காலர்ஷிப் பக்கத்தைப் பார்த்த மேனேஜர், கையெழுத்து எங்கே வேண்டும் என்று தானே கேட்டார். அவள் வாயைத் திறந்து யாரிடமும் உதவி கேட்டதில்லை. கேட்காமலே கிடைத்தது. நான் பார்த்துக்கொண்டிருந்தேன். இவளுக்கு மறைக்க ஒன்றுமே இல்லை, அதனால்தான் இப்படித் திரிகிறாள் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

ஒருநாள் சாயங்காலம் பஸ்ஸில் வரும்போது என் போனில் சார்ஜ் தீர்ந்துவிட்டது. சென்னைக்குப் போயிருந்த என் கணவர் வரும் ரயில் எங்கே இருக்கிறது என்று பார்க்க அவள் போனைக் கேட்டேன். வழக்கம்போல எடுத்துக் கொடுத்தாள். பிரவுசரைத் திறந்தேன்.

'பிரிந்துபோன கணவரிடம் ஜீவனாம்சம் கோருவது எப்படி?'

உடனே எனக்குள் ஓர் இனிப்பு ஊறியது. இருக்கிறது, இவளுக்கும் இருக்கிறது என்று. அப்புறம்தான் மனது திக்கென்றது. படிக்காததுபோல விரலால் ஒதுக்கினேன். அவள் கவனித்துவிட்டாள்.

"அதுவா? ஓசூருக்கு வேலைக்குப் போன மனுஷன் அங்கயே ஒரு குடும்பம் வச்சுக்கினாரு. உங்ககிட்ட சொல்லல?"

பின் சீட்டில் ஆள் இருந்தது. நான் குரலைத் தாழ்த்தினேன். "இதைப் போய் இப்படித் தெறந்து வச்சிருக்கியே. நாலு பேர் பார்த்தா இன்னா பண்ணுவ?"

"பார்த்துட்டுப் போவட்டும். நான் மூடிட்டா அவரு திரும்பி வந்துருவாரா? நேத்து கேன்டீன்ல இதைப் பார்த்துட்டுத்தான் அங்க சோறு போடுற அக்கா ஒரு வக்கீல் நம்பர் குடுத்தாங்க."

ரயில் காட்பாடிக்கு லேட் என்று பார்த்துப் போனைத் திருப்பிக் கொடுத்தேன். அவள் வாங்கிக்கொண்டு, என் பக்கம் சாய்ந்து குரலைத் தாழ்த்தினாள். அவள் குரல் தாழ்ந்து நான் பார்த்ததில்லை.

"அக்கா, அன்னைக்குக் கூட்டத்துல உங்க போன்ல வந்ததை நானும் பார்த்தேன்."

நான் பின் சீட்டைத் திரும்பிப் பார்த்தேன்.

"எங்க அண்ணிக்கும் அப்படித்தான் இருந்துச்சு. வேலூர்ல ஒரு டாக்டரம்மா பார்த்தாங்க. சொல்லலாம்னு வாய் வரைக்கும் வந்துச்சு. நீங்க டக்குனு போனைக் கவுத்துட்டீங்க. கேக்கக்கூடாது போலருக்குன்னு உட்டுட்டேன்."

அவள்மேல் எனக்கு அன்பு பெருகியிருக்க வேண்டும். பெருகியது என்று எழுதிவிடலாம். உண்மையில் முன்னைவிட அதிகமாகப் பொறாமைதான் வந்தது. வீட்டுக்காரர் விட்டுப் போன துக்கத்தைக்கூட இவளால் கையில் வைத்துக்கொண்டு நடக்க முடிகிறது. கணவர் பக்கத்திலேயே இருந்தும் அவரிடம் ஒரு பரிசோதனையைப் பற்றிப் பேச எனக்கு வாய் வரவில்லை. பஸ் வேலூருக்குள் நுழையும்வரை வெளியே பார்த்துக்கொண்டே வந்தேன். இறங்கும்போது மட்டும் கேட்டேன்.

"அந்த டாக்டரம்மா இப்பவும் பாக்கறாங்களா?"

"பாக்கறாங்க. அண்ணிகிட்ட கேட்டுச் சொல்றேன்."

அந்த வாரமே கணவரிடம் பேசினேன். தயாரித்து வைத்திருந்த வார்த்தை ஒன்றும் வரவில்லை. "ரெண்டு பேரும் டெஸ்ட் எடுக்கணும், நான் மட்டும் எடுத்தா பத்தாது" என்று தட்டைக் கழுவிக்கொண்டே சொன்னேன். அவர் எழுந்து வெளியே போய்விட்டார். ரொம்ப நேரம் கழித்து வந்து, "லீவு போடணுமா, ஞாயித்துக்கிழமை இருப்பாங்களா?" என்று கேட்டார். போனோம். குறை இருவரிடமும் கொஞ்சம் கொஞ்சம் இருந்தது. சிகிச்சை இன்னும் நடக்கிறது. குழந்தை இன்னும் இல்லை. ஆனால் ஆஸ்பத்திரி வராந்தாவில் அவர் என் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார்.

அவள் கோர்ட்டில் வழக்குப் போட்டாள். ஒருமுறை நானும் கூடப் போனேன். அங்கேயும் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண்ணோடு பத்து நிமிஷத்தில் சிநேகமாகிவிட்டாள். வழக்கு அவள் பக்கம் முடிந்தது. அதற்குள் எங்கள் கம்பெனியின் ராணிப்பேட்டை யூனிட்டில் மாதிரிப் பிரிவுக்குப் பொறுப்பாளர் வேண்டும் என்று அவளை அனுப்பினார்கள். சீனியர் நான்தான். என்னைக் கேட்கவில்லை.

அவள் கிளம்பிய அன்று பிரியாணி வரவழைத்தார்கள். கேன்டீன் அக்கா அழுதாள். மேனேஜர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நானும் அழுதேன். அவள் என்னைக் கட்டிக்கொண்டு, "அக்கா, நீங்க அழலாமா?" என்றாள். நான் போகும்போது இவர்களில் யாராவது இப்படி அழுவார்களா என்று அவள் தோளுக்கு மேலாக ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டிருந்தேன்.