மாமா தொண்டையில் கிழங்கான்

நொச்சிக்குப்பத்தில் இன்று காலை ஒருவர் கிழங்கான் மீனைப் பல்லில் கடித்தபடி வலையைப் பிரித்துக்கொண்டிருந்தார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

வெள்ளைக்காரன் காலம், எனக்குப் பத்து வயது. மாமாவும் இப்படிக் கடித்திருந்தபோது மீன் துள்ளித் தொண்டைக்குள் போய்விட்டது. கழுத்தைப் பிடித்துக்கொண்டு ஆடினார். அவர் குப்பத்துக்கே கோமாளி என்பதால் எல்லோரும் சிரித்தார்கள்.

"இன்னாய்யா கூத்து இது?" என்றாள் அத்தை.

இருமலும் வரவில்லை, குரலும் வரவில்லை என்று கவனித்தவள் நான் ஒருத்திதான். பள்ளிக்கூட வாசலை மிதிக்காமலே நாலு படகு வாங்கியவள் நான். அப்போதே மூளை அப்படி.

"அத்தே, மாமாக்கு மூச்சு வரல" என்று கத்தி, அவரைக் குனியவைத்து முதுகில் ஓங்கி ஓங்கி அறைந்தேன். ஐந்தாவது அறையில் மீன் மணலில் வந்து விழுந்தது.

மூச்சு திரும்பியதும் மாமா, "இன்னாடி, மாமான்னு கூட பாக்காம இந்த அடி அடிக்கிற?" என்றார்.

அத்தை கண்ணைத் துடைத்துக்கொண்டு, மாமா முதுகில் தன் பங்குக்கும் ஒன்று வைத்தாள்.