அம்பு ஒட்டிய கதவுகள்

என் கணவரை நான் கடைசியாகக் கூப்பிட்டது ஒரு கக்கூஸ் கதவுக்கு வெளியே நின்றுதான். "ஏனுங்க, ஏனுங்க" என்று கத்திக்கொண்டே கதவை உதைத்தேன். உள்ளே இருந்து முனகல் கேட்டது. கொஞ்ச நேரத்தில் அதுவும் நின்றுவிட்டது.

திறப்பு விழாவுக்குக் கட்டிய வாழைமரம்கூடக் காயாத புது ஆஸ்பத்திரி. நெஞ்சு வலி என்று சேர்த்திருந்தோம். வலி அடங்கிவிட்டது, நாளைக்கு வீட்டுக்குப் போகலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். கக்கூஸுக்குப் போனவர் மயங்கிக் கதவின் மேலேயே சரிந்துவிட்டார். உட்கார்ந்தால் முட்டி இடிக்கிற இடம். கதவோ உள்பக்கம் திறக்கிற கதவு. அவர் உடம்பே அதற்கு இன்னொரு தாழ்ப்பாளாகிவிட்டது.

அண்ணன் ஓடி வந்தார். சாயப்பட்டறையில் துணி மூட்டை தூக்குகிற ஆள். கம்பி கேட்டோம், கடப்பாரை கேட்டோம், ஆளுக்கொரு பக்கம் ஓடினார்களே தவிர ஒன்றும் வரவில்லை. அண்ணன் தோளால் இடித்தார். தாழ்ப்பாள் தெறித்தது. கதவு கொஞ்சம் திறந்து எதிலோ மோதித் திரும்பி வந்தது. மறுபடி இடித்தார், மறுபடி மோதியது. அடி இடுக்கு வழியாக ரத்தம் வந்து என் காலை நனைத்தபோதுதான் எதில் மோதியது என்று தெரிந்தது. அப்புறம் கடப்பாரை வந்தது. கதவைத் துண்டு துண்டாகப் பிளந்து அவரை வெளியே எடுத்தோம். மூச்சு இல்லை.

மண்டையில் அடிபட்டுத்தான் செத்தார், அடித்தது மச்சான் என்று ஆஸ்பத்திரி புகார் கொடுத்தது. விசாரணைக்குப் போன இடத்தில் அண்ணனைக் கன்னத்தில் அறைந்தார்கள். அவர் கையை ஓங்கவில்லை. வீட்டுக்கு வந்து, கதவை இடித்த அதே தோளைச் சுவரில் மோதினார். காரை உதிர உதிர மோதினார்.

"நாந்தான் கொன்னுட்டனா அம்மிணி?" என்று கேட்டார்.

அந்தக் கதவை அப்படி வைத்தவன் வந்து, தப்பு என்னுடையது என்று ஊரறியச் சொல்ல வேண்டும். அண்ணன் தலை நிமிர வேண்டும். எனக்கு வேறெதுவும் வேண்டியிருக்கவில்லை. ஆபீஸ் ஆபீஸாகப் போய்க் கத்தினேன். ஒரு வாசலில் காவலாளி கழுத்தைப் பிடித்துத் தள்ளினான். அவன் கையைக் கடித்துவிட்டேன். கடைசியில் ஒரு அதிகாரி நேரில் வந்து பார்ப்பார் என்றார்கள்.

நான் வேலம்பாளையத்தில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் பார்க்கிறவள். துணியில் ஓட்டையோ கறையோ இருந்தால் அந்த இடத்தைக் காட்டி ஒரு சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டுவோம். அதிகாரி வந்து தேடிக்கொண்டு நிற்கக் கூடாது என்று என்னோடு வேலை செய்யும் பெண்கள் சொன்னார்கள். எனக்கும் அது சரியாகப் பட்டது. நோயாளிகளைப் பார்க்க விடும் நேரத்தில் கும்பலாகப் போய், மாடி மாடியாக, ஒவ்வொரு கக்கூஸ் கதவிலும் கீலைக் காட்டி அம்பு ஒட்டினோம்.

ஸ்டிக்கர் ஒட்டிய பீஸ், வாங்க வருகிறவர் கண்ணில் படுவதற்குள் ஆல்ட்டருக்கு, அதாவது பழுதைச் சரி செய்ய, போய்விடும். எங்கள் வேலையே அதற்குத்தான். தினமும் அதைப் பார்க்கிற எங்களில் ஒருத்திக்கும் அன்றைக்கு அது உறைக்கவில்லை.

அதிகாரி வந்த அன்று எங்கும் பெயிண்ட் வாசம். அந்தக் கட்டடத்துக்குப் பிளான் போட்ட இன்ஜினியர், வெள்ளைச் சட்டையில், ஒற்றை விரலால் கதவை இழுத்துக் காட்டினார். வெளிப்பக்கம் திறந்தது. அடுத்ததும் அப்படியே, அதற்கடுத்ததும். அண்ணன் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

இடுப்பில் இருந்த நூல் வெட்டும் ட்ரிம்மரை உருவிக் கதவு நிலையில் குத்தினேன். பூசி மறைத்திருந்த பட்டி பெயர்ந்து, முன்பு கீல் இருந்த இடத்துத் திருகு ஓட்டை தெரிந்தது. இன்னொன்று, இன்னொன்று என்று குத்தினேன். விரல் கிழிந்து புதுப் பெயிண்டில் ரத்தம் ஒழுகியது. அதிகாரியோடு வந்திருந்த பெண் போலீஸ் என் கையை முறுக்கி ட்ரிம்மரைப் பிடுங்கினாள். அதிகாரி அந்த ஓட்டைகளைப் பார்க்கவில்லை என்று சொல்ல மாட்டேன். குனிந்து நன்றாகவே பார்த்தார்.

"அதான் சரி பண்ணிட்டாங்களேம்மா. இனி யாருக்கும் ஆகாது" என்றார்.

ஆகாதுதான். இனி அங்கே மயங்கி விழுகிறவரை நொடியில் வெளியே எடுத்துவிடலாம். அதில் எனக்கு வருத்தமா என்ன?

"அப்ப எங்கண்ணன் கொலைகாரனுங்களா?" என்று கேட்டேன்.

அதிகாரி அடுத்த கதவுக்கு நகர்ந்தார். மடியில் ஸ்டிக்கர் மிச்சமிருந்தது. ஒன்றைப் பிய்த்து இன்ஜினியரின் நெஞ்சில் ஓங்கி அறைந்து ஒட்டினேன். அம்பு அவர் முகத்தைக் காட்டியது. அவர் குனிந்து பார்த்தார். இரண்டு விரலால் உரித்துக் கீழே போட்டார்.

அண்ணன் மேல் வழக்கு இன்னும் நடக்கிறது. அந்த ஸ்டிக்கரைத் துணியில் தடம் விடாமல் உரிந்து வருகிற மாதிரிதான் செய்கிறார்கள். இன்ஜினியர் சட்டையிலும் ஒரு தடம் இல்லை.