ஐந்து வேலைக்கு ஒரே சொல்

எழுமலை ஊர்க்காரரான மேஸ்திரி வீரணனைக் கைது செய்யப் போகிறார்கள் என்ற செய்தி வந்தபோது, நிலோபர் டவுன்ஹால் ரோட்டு டி.டி.பி. கடையில் ஒரு கல்யாணப் பத்திரிகைக்குப் பிழை திருத்திக்கொண்டிருந்தாள். செய்தியைச் சொன்னவர் சூரியபிரகாஷ். கட்டட வேலைக்கான இரும்புச் சாரம் விற்கும் கம்பெனியின் அதிகாரி.

"நம்ம மேல ஒண்ணும் வராதும்மா. அட்டையில தெளிவாத்தான் போட்டிருக்கு, அந்தாளு கேக்கலைன்னு எழுதிக் குடுத்துட்டோம். நீ மொதல்ல அனுப்புனது ஒண்ணு இருக்கும்ல, அதை மட்டும் போன்ல இருந்து அழிச்சிரு."

அழிக்கிறேன் என்றும் சொல்லாமல் மாட்டேன் என்றும் சொல்லாமல் போனை வைத்தாள்.

வீரணனை அவள் பார்த்ததில்லை. ஆனையூரில் எழும்பிக்கொண்டிருந்த நான்கு மாடிக் கட்டடத்தில் அவருடைய ஆட்கள்தான் சாரம் ஏற்றினார்கள். மூன்றாம் நாள் அது சரிந்தது. அவருடைய மனைவியின் தம்பி நல்லகாமன் மூன்றாவது அடுக்கிலிருந்து விழுந்து, இடுப்புக்குக் கீழே உணர்வில்லாமல் பெரியாஸ்பத்திரியில் கிடந்தான். சாரத்தோடு கொடுத்த செய்முறை அட்டையை வீரணன் மதிக்கவில்லை, அந்த அலட்சியத்தால்தான் விபத்து என்பது கம்பெனியின் புகார்.

அந்த அட்டையைத் தமிழில் எழுதியவள் நிலோபர்.

அவளுடைய வீட்டில் முதல் பட்டதாரி அவள்தான். பி.ஏ. ஆங்கிலம். அத்தா ஜலால் கீழமாசி வீதியில் லாரிக்குச் சரக்கு ஏற்றுகிறவர். கம்பெனி கொடுத்த ஆங்கிலத் தாளில் இன்சர்ட், கனெக்ட், லாக், ஃபாஸன், டை என்று ஐந்து வெவ்வேறு சொற்கள் இருந்தன. அகராதியைப் புரட்டாமலே அவளுக்குத் தமிழ் வந்தது. அத்தா நாளெல்லாம் வாயில் போட்டுக்கொண்டிருக்கும் சொற்கள்தான் அவை. குழாயைச் சொருகு, குறுக்குக் கம்பியை மாட்டு, கொண்டியைப் பூட்டு, மரையாணியை முடுக்கு, சுவரோடு சேர்த்துக் கட்டு. அப்படியே எழுதி அனுப்பினாள்.

'லோடுமேன் பேசுற மாதிரி இருக்கே. படிச்ச பொண்ணுதானே, நல்ல தமிழ்ல எழுதும்மா' என்று பதில் வந்தது.

சூரியபிரகாஷுக்கு அவள் அத்தாவைத் தெரியாது. ஆனாலும் யாரோ வீட்டுக்குள் எட்டிப் பார்த்துவிட்டதைப்போல அவளுக்குக் காது சூடேறியது. ஐந்தையும் எடுத்துவிட்டு எல்லா இடத்திலும் 'இணைக்கவும்' என்று போட்டாள். பூட்டிய பிறகே மேலே ஏற வேண்டும் என்றிருந்த வரி, 'ஒவ்வொரு அடுக்கையும் இணைத்த பிறகே மேலே ஏறவும்' என்று ஆனது. படிக்க அழகாகத்தான் இருந்தது.

கைதுச் செய்தி வந்த அன்று சாயங்காலம் எல்லாவற்றையும் அத்தாவிடம் சொன்னாள். அவர் சட்டையைக் கழற்றிக்கொண்டே கேட்டார்.

"இணைக்கிறதுன்னா என்ன பண்ணணும்? சொருகி விட்டாப் போதுமா, பூட்டணுமா?"

"பூட்டணும்த்தா."

"அதை அப்படியே எழுதுறதுக்கு ஒனக்கு என்ன கேடு?"

வெட்கமாக இருந்தது என்பதை அவரிடம் எப்படிச் சொல்வது?

மறுநாள் காலையில் காவல் நிலையத்துக்குப் போய், முதலில் எழுதியதையும் பிறகு மாற்றியதையும் சூரியபிரகாஷ் அனுப்பிய பதிலையும் எஸ்.ஐ.யிடம் காட்டினாள். அவர் இரண்டு முறை படித்தார்.

"அப்ப அந்த ஆபீசர் சொல்லித்தான் மாத்துன?"

"நல்லா எழுதச் சொன்னார் சார். இந்தச் சொல்லைப் போட்டது நான்தான்."

"உன்னையும் கேஸ்ல சேப்பாங்க, தெரியும்ல?"

"தெரியும் சார்."

எழுதிக் கையெழுத்து வாங்கினார்கள். காலையிலேயே கூட்டி வந்து உட்காரவைத்திருந்த வீரணனை, விசாரணை முடிகிறவரை வீட்டுக்குப் போகலாம் என்றார்கள். வெளியே வேப்பமரத்தடியில் நிறுத்தியிருந்த டி.வி.எஸ்.ஸில் சாய்ந்து நின்றவர் அவர்தான். நன்றி சொல்ல வருகிறார் என்று நினைத்து அவள் கூசினாள்.

"நீ எழுதுனதை நான் படிக்கவே இல்ல தாயி. எனக்குப் படிக்கத் தெரியாது" என்றார். "கயித்துச் சாரம்னா அடுக்குப் பூரா லேசா முடிஞ்சுக்கிட்டே ஏறுவோம். கடைசியிலதான் சுத்தி வந்து இறுக்குறது. முப்பது வருசமா அதான் பழக்கம். இரும்புச் சாரம் இதான் மொதத் தடவை. எதுக்கும் அட்டையைப் பாருடான்னேன். எங்கள்ல நல்லகாமன் ஒருத்தந்தான் பன்னெண்டு வரைக்கும் படிச்சவன். 'இணைச்சுட்டு ஏறச் சொல்லியிருக்கு மாமா, நம்ம பாணிதான், கடைசியில பூட்டிக்கலாம்'னுட்டு மொத ஆளா ஏறுனான்."

நிலோபர் தரையைப் பார்த்தாள்.

"கண்ணு முழிச்சதுல இருந்து ஒரே கேள்வி. 'நான் தப்பாப் படிச்சுட்டேனா மாமா?' நான் என்னத்தைச் சொல்ல? சரியாத்தான் படிச்சான்னு நீ வந்து சொல்லு."

வார்டில் நல்லகாமனின் அக்கா ராமக்காள் ஈரத் துணியால் அவன் கால்களைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அது தெரியாதவனாய் அவன் மின்விசிறியைப் பார்த்துக் கிடந்தான். முப்பது வயதிருக்கும்.

"நீங்க சரியாத்தான் படிச்சீங்க அண்ணே. நான்தான் தப்பா எழுதிட்டேன்."

ராமக்காளின் கை நின்றது. அவள் திட்டுவாள் என்று நிலோபர் எதிர்பார்த்தாள். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் துணியைப் பிழிந்துவிட்டு மறுபடி துடைக்கத் தொடங்கினாள்.

"எப்படி எழுதியிருக்கணும்?" என்று கேட்டான் நல்லகாமன்.

"குழாயைச் சொருகணும். குறுக்குக் கம்பியை மாட்டணும்."

போர்வைமேல் கிடந்த அவன் கைகள் அசைந்தன. ஒன்றைச் சொருகின, ஒன்றை மாட்டின.

"அப்புறம் கொண்டியைப் பூட்டணும். பூட்டிட்டுத்தான் மேல ஏறணும்."

கட்டைவிரல் ஆள்காட்டி விரலை அழுத்தித் திருகியது. இல்லாத கொண்டியை விடாமல் பிடித்தபடி அவன் அவளைத் திரும்பிப் பார்த்தான்.

"இம்புட்டுத்தானா?"