சௌமியாவின் மேல் விழுந்த நிழல்

போட்டோவில் ஆவி விழுந்திருக்கிறது என்று யாராவது போனை நீட்டினால், அது லென்ஸில் ஒட்டிய தூசி, இல்லையென்றால் கண்ணாடியில் பட்டுத் திரும்பிய வெளிச்சம் என்று சொல்லிச் சிரிக்கிற ஆள் நான். சரவணம்பட்டியில் ஸ்டுடியோ வைத்துப் பல வருடமாகக் கல்யாணப் படம் எடுக்கிறேன், எந்த வெளிச்சம் எங்கிருந்து வருகிறது என்று சொல்லத் தெரியாவிட்டால் இந்தத் தொழிலில் சோறு கிடையாது. அதனால் நீங்கள் நம்பாவிட்டால் எனக்கு வருத்தமில்லை, உங்கள் இடத்தில் இருந்தால் நானும் நம்பியிருக்க மாட்டேன்.

போன வைகாசியில் ஆனைமலைக்குப் பக்கம் ஒரு தோட்டத்தில் கல்யாணம். இப்போதெல்லாம் பெண்கள் மண்டபம் வேண்டாம், திறந்தவெளிதான் வேண்டும் என்கிறார்கள். பார்க்க அழகுதான், ஆனால் உச்சி வெயிலில் முகத்தைப் படம் எடுத்துப் பாருங்கள், கண்ணுக்குக் கீழே கரும்பள்ளம் விழும், மூக்கின் நிழல் உதட்டில் மீசை மாதிரி உட்காரும். இந்த வீட்டில் அது ஆசைக்காகச் செய்ததில்லை. மணப்பெண் சௌமியாவின் அப்பா, மகள் கல்யாணம் தோட்டத்தில்தான் என்று சொல்லிக்கொண்டே இருந்தவராம். வாடல் நோய் வந்த தென்னைகளை எல்லாம் வெட்டிப் போட்டுவிட்டு, புதுக்கன்று வைப்பதற்குள் மாரடைப்பில் போய்விட்டார். வருடம் திரும்புவதற்குள் கல்யாணத்தை முடித்துவிடலாம் என்று உறவுக்காரர்கள் சொல்லி அவசரமாக நடத்தினார்கள். ஆக, காடு என்று அவர்கள் சொல்கிற அந்தத் தோட்டத்தில் பந்தலையும் சமையல் கொட்டகையையும் தவிர ஒரு நிழல் கிடையாது.

சௌமியாவின் பெரியப்பாதான் தாரை வார்த்துக் கொடுத்தார். அவள் அம்மா சரஸ்வதி, பந்தலுக்கு வெளியே, சமையல் நடந்த கொட்டகைக்குப் பக்கத்தில் வெயிலில் நின்றிருந்தார். யாரும் அவரைப் போகச் சொல்லவில்லை, வரச் சொல்லவும் இல்லை. எனக்கு மனசு கேட்கவில்லை.

"ஏனுங்கம்மா, உள்ள வந்து நில்லுங்க. பொண்ணு உங்களையேதான் பாக்குது."

"இருக்கட்டும் கண்ணு. இங்கிருந்தே நல்லாத் தெரியுது."

சீர், சடங்கெல்லாம் முடிய மதியம் ஆகிவிட்டது. மாப்பிள்ளையைச் சொந்தக்காரர்கள் பந்தியில் பிடித்து உட்கார வைத்திருந்தார்கள். சாயங்காலம் படம் எடுக்கலாம் என்றால் அதற்குள் மாப்பிள்ளை வீட்டார் பெண்ணோடு கிளம்பிவிடுவார்களாம். சௌமியா என்னிடம் வந்து, "அக்கா, எங்கப்பா காட்டு நடுவுல நின்னு ஒரு படம் வேணுங்க" என்றாள். வெயிலைக் காட்டி வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

தென்னை வெட்டிய செம்மண்ணில் நடு இடமாகப் பார்த்து அவளை நிறுத்திவிட்டு, கேமராவைக் கண்ணில் வைத்தேன். முகம் அவ்வளவு மென்மையாக இருந்தது. கண்ணுக்குக் கீழே பள்ளம் இல்லை, நெற்றியில் பளபளப்பு இல்லை, மரத்தடியில் நிற்கிறவள் மாதிரி. மேகம் வந்துவிட்டதா என்று நிமிர்ந்து பார்த்தால் மலை வரைக்கும் ஒரு துண்டு மேகம் இல்லை. என் கையில் கேமரா சுட்டது. பக்கவாட்டில் திரும்பச் சொன்னேன், முகத்தில் விழுந்த நிழலும் அவளோடு திரும்பியது. வரப்புப் பக்கம் தள்ளி நிற்கச் சொன்னேன், அங்கேயும் வந்தது.

"சௌமியா, வெயில் அடிக்கலையா உனக்கு?"

"இல்லீங்கக்கா. நல்லாத்தான் இருக்குது."

கண்ணைச் சுருக்காமல் சொன்னாள். அதற்குள் மாப்பிள்ளை நெற்றியில் கையைக் குடை பிடித்தபடி ஓடி வந்து அவள் பக்கத்தில் நின்றார். அவர் முகத்தில் வெயில் அப்படியே அறைந்தது. இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு சாண் இடைவெளிகூட இல்லை, நம்பினால் நம்புங்கள். எனக்குத்தான் வெயிலில் கண்ணைக் கட்டுகிறது என்று நினைத்துக்கொண்டு எடுத்து முடித்தேன்.

ஸ்டுடியோவுக்கு வந்து பெரிய திரையில் போட்டபோதுதான் தரையைப் பார்த்தேன். உச்சிப் பொழுது என்பதால் அவர்கள் இரண்டு பேர் நிழலும் காலடியிலேயே சுருண்டு கிடந்தது. இன்னொரு நிழல் மட்டும் நீளமாக, காலை வெயிலில் விழுகிற நீளத்துக்கு, மண்ணில் ஓடி வந்து சௌமியாவின் மேல் ஏறியிருந்தது. அது தொடங்குகிற இடத்தில் யாரும் இல்லை. ஆள் நிழல்தான், ஒரு பக்கத் தோள் தாழ்ந்திருந்தது. எனக்குத் தெரிந்த காரணங்களை எல்லாம் பொருத்திப் பார்த்தேன், ஒன்றும் பொருந்தவில்லை. அந்தப் படங்களைத் தனியாக எடுத்து வைத்துவிட்டேன்.

ஆல்பத்துக்குப் படம் தேர்ந்தெடுக்க சரஸ்வதி அம்மா தனியாகத்தான் வந்தார், உக்கடத்தில் இறங்கி பஸ் மாறி. எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, "காட்டுல எடுத்தது எங்க கண்ணு? சௌமியா சொன்னாளே" என்று கேட்டார். வேறு வழியில்லாமல் திறந்தேன்.

நாற்காலியைத் திரைக்குப் பக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டார். பிறகு விரலைக் கொண்டுபோய் மகளின் முகத்தில் வைக்காமல் மண்ணில் வைத்தார்.

"இது சௌமியா அப்பா, அவிய தோளுங்க. தேங்காய் மூட்டை தூக்கித் தூக்கி எடது தோளு எறங்கிப் போச்சு."

அந்த இடத்தைப் பெரிதாக்கிக் காட்டினேன். அவரே சொன்னார்.

"இவளுக்கு வெய்யில் பட்டா மூக்குல ரத்தம் வந்துரும். ஸ்கூல் பஸ் நிக்கற எடத்துல மரமே கெடையாது. தெனமும் காலைல பஸ் வாற வரைக்கும் அவிய முன்னால நின்னுக்குவாங்க, நெழலு இவ மேல உழுகற மாதிரி. இவ ஓடியாடிட்டு இருப்பா, அவியளும் தள்ளித் தள்ளிப் போயி நிப்பாங்க. ஊரே சிரிக்கும்."

சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அப்புறம் என் பக்கம் திரும்பாமலே கேட்டார்.

"எம் மேல உழுந்துச்சுங்களா கண்ணு?"

தேடினேன். கொட்டகைப் பக்கம் நின்றது, வாசலில் வந்தவர்களைக் கும்பிட்டது, பந்திக்கு ஆட்களைக் கூப்பிட்டது. ஒன்று விடாமல் பெரிதாக்கிப் பார்த்தேன். எல்லாவற்றிலும் அவர் முழு வெயிலில், கண்ணைச் சுருக்கிக்கொண்டு நின்றார். நான் மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தபோது அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"உடு கண்ணு. ஊட்ட உட்டுப் போறவ அவதானுங்களே, அதான் அவகூட நின்னிருக்காங்க. நான் எங்க போகப் போறேன்."

அந்தப் படங்களில் ஒன்றை மட்டும் பிரிண்ட் போட்டு வாங்கிக்கொண்டு போனார்.

அவர் போன பிறகு, வழியனுப்பியபோது எடுத்த படங்களைச் சரிசெய்ய உட்கார்ந்தேன். அதில் கடைசிப் படத்தை இன்றுவரை நான் அவருக்கும் காட்டவில்லை, சௌமியாவுக்கும் காட்டவில்லை. கார் ஓடுவது தெரியட்டும் என்று ஷட்டர் வேகத்தைக் குறைத்து வைத்து எடுத்த படம் அது. அப்படி எடுத்தால் அசையாமல் நிற்பதெல்லாம் தெளிவாக விழும், அசைவது மட்டும் கலங்கும். கார் கலங்கித்தான் இருக்கிறது. கேட், வேலிக்கல், கையை உயர்த்தியபடி நிற்கிற சரஸ்வதி அம்மா எல்லாம் தெளிவு. கார் போன தடத்தில், யார் மேலும் விழாமல், அந்த நிழல் வெறும் மண்ணில் நீளமாகக் கிடக்கிறது. காலிலிருந்து இடுப்பு வரை கோடு போட்ட மாதிரித் தெளிவாக இருக்கிறது. தோள் இரண்டும் மட்டும் குலுங்கிக் கலங்கியிருக்கின்றன.