கீபோர்டில் வெட்டிய பேர்

எங்கள் பக்கத்தில் பாத்திரம் வாங்கினால் பேர் வெட்டாமல் வீட்டுக்குக் கொண்டுவர மாட்டார்கள். கல்யாண வீடு, கோயில் அசன விருந்து என்று இரவல் போகும் குடமும் அண்டாவும் வழிதவறாமல் திரும்பி வருவது அந்த எழுத்தால்தான். ஆனால் கீபோர்டுக்குப் பேர் வெட்டியவள் எனக்குத் தெரிந்து என் மனைவி ஒருத்திதான்.

கல்ஃபிலிருந்து ஒரு லீவுக்கு வந்தபோது நான் கொண்டுவந்த கீபோர்டு அது. அவள் கோயிலில் ஞாயிறு ஆராதனைக்குப் பாடகர் குழுவில் வாசிப்பவள். நான் திரும்பிப் போன கொஞ்ச நாளில் அடுத்த தெருவில் கள்ளன் புகுந்து ஒரு வீட்டு டிவியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான். இவள் பயந்துபோய், கீபோர்டை ஆட்டோவில் ஏற்றிக் கோட்டாற்றுக்குக் கொண்டுபோய்ப் பாத்திரக் கடையில் நீட்டியிருக்கிறாள். கடைக்காரருக்குப் புத்தி எங்கே போனதோ, குடத்துக்கு வெட்டுகிற அதே மிஷினை எடுத்து, கட்டைகளுக்கு மேலே நட்டநடு முகப்பில் அவள் பேரையும் ஊர்ப் பேரையும் வெட்டிக் கொடுத்துவிட்டார். பிளாஸ்டிக் உருகி, எழுத்தெல்லாம் கோழி கிளறின மாதிரி கிடந்தது.

அடுத்த லீவில் அதைப் பார்த்ததும் எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. அடியில் வெட்டக்கூடாதா என்று கேட்டேன். அடியில் வெட்டினால் கள்ளன் எப்படிப் பார்ப்பான் என்றாள். நாளைக்கு விற்கப் போனால் ஒருத்தனும் தொடமாட்டான் என்று கத்தினேன். அவள் வெங்காயம் உரித்துக்கொண்டே நிமிர்ந்து பார்த்தாள்.

"விக்கதுக்கா கொண்டு வந்திய?"

நான் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டேன்.

வேலையை விட்டு ஊரோடு வந்தபின், சாயங்காலம் அவள் வாசிக்க, நான் பக்கத்தில் இருந்து சாயா குடிப்பது வழக்கமாயிற்று. பாட்டைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. அவள் பக்கத்தில் இருப்பது பிடிக்கும், அவ்வளவுதான். அதுவும் நிலைக்கவில்லை. நெஞ்சுவலி என்று ஆஸ்பத்திரிக்குப் போனவள் உயிரோடு வீடு திரும்பவில்லை.

பிறகு அந்தக் கீபோர்டு இருக்கிற அறைக்குள் போகவே எனக்குப் பயமாக இருந்தது. விற்றுவிட்டால் மனசு கொஞ்சம் அடங்கும் என்று நினைத்தேன். பழைய சாமான் எடுப்பவர் வந்து பார்த்தார். பேர் வெட்டின சாதனத்தைக் களவுமுதல் என்று சந்தேகப்படுவார்கள், விலை போகாது, எழுத்தைத் தேய்த்து அழித்துவிட்டுச் சொல்லுங்கள் என்றார். உப்புத்தாளும் வாங்கிவந்தேன். முதல் எழுத்தின்மேல் வைத்துப் பார்த்தேன். தேய்க்கக் கை வரவில்லை.

கடைசியில், கோயிலுக்காவது உதவட்டும் என்று, விளைந்ததையும் வளர்த்ததையும் காணிக்கையாக வாங்கி ஏலம் விடும் அறுப்பின் பண்டிகைக்குக் கொடுத்தேன். எங்கள் கோயில் ஏலத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அங்கே விலைபோகாத பொருள் கிடையாது. ஒரு பூசணிக்காய்க்காக இரண்டு மைத்துனர்கள் மல்லுக்கட்டுவார்கள். ஜெயித்தவர் அதையே திரும்ப ஏலத்துக்குக் கொடுப்பார். அன்றைக்கும் சேவலும் வாழைக்குலையும் பறந்தன. கீபோர்டைத் தூக்கி மேஜைமேல் வைத்ததும் பந்தல் அடங்கிவிட்டது. ஏலம் விடுபவர் கூவிக் கூவிப் பார்த்தார். யாரும் விலை கேட்கவில்லை. எனக்கு எரிச்சலாக வந்தது. பாடகர் குழுவில் அவளோடு எப்போதும் சேர்ந்து நிற்பவளிடம், நீயாவது எடுக்கக்கூடாதா என்று கேட்டேன்.

"அக்காவுக்க பேரு கெடக்கு அண்ணே," என்றாள் அவள். "அத எங்க வீட்டுல கொண்டு வச்சு நான் எப்பிடி வாசிக்கது?"

பந்தலில் எல்லோரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் கையைத் தூக்கினேன். ஒருதரம், இரண்டுதரம் என்று சாதாரணமாக அரைமணி நேரம் இழுப்பவர், அன்று மூன்று தரத்தையும் ஒரே மூச்சில் சொல்லி முடித்துவிட்டார்.

ஆட்டோவில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். ஸ்டாண்டில் பழையபடி நிறுத்தினேன். எழுத்துப் பள்ளங்களில் தூசி அடைந்து கிடந்தது. பழைய டூத்பிரஷால் ஒவ்வொரு எழுத்தாகத் துடைத்தேன். துடைக்கத் துடைக்க அவளைப் பார்க்கவேண்டும்போல் இருந்தது. அவள் என்றைக்கோ கேட்டதற்கு அப்போதுதான் எனக்குப் பதில் சொல்ல வாய் வந்தது.

"விக்கதுக்கு இல்லட்டி."