முன் பெஞ்சில் நான்கு பேர்

1943 ஆகஸ்ட் 12, வியாழக்கிழமை, காலை பத்து மணி. அது டோக்கியோ நேரம், சூரியனுக்கு எட்டரைதான். மழை அப்போதுதான் விட்டிருந்தது. பள்ளிக்கூட மண்டபத்தின் ஓட்டிலிருந்து இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது.

ஜப்பானியர் ஆண்ட மலாக்காவின் கணக்கு ஆசிரியர்களுக்கு அந்த வாரம் முழுவதும் சொற்பொழிவு. ஆளுக்கு ஒருநாள் மலாயில் பேச வேண்டும், எண்களை மட்டும் ஜப்பானிய மொழியில் சொல்ல வேண்டும். ராணுவ அதிகாரி ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து கேட்பார். அவர் தலையசைத்தால் ஆசிரியர் வேலை நிலைக்கும். இல்லாவிட்டால் சயாமில் ரயில் பாதை போடப் போக வேண்டியதுதான்; போனவர்கள் அநேகமாகத் திரும்புவதில்லை. புதன்கிழமை நான் கூட்டுவட்டி பற்றிப் பேசித் தப்பிவிட்டேன்.

வியாழன் என் நண்பருடையது. காஜா பேராங்கில் என் வீட்டுக்கு அடுத்த சந்தான கம்போங் செட்டியில் இருந்தார், தலைமுறைகளாக அங்கே வாழும் மலாக்கா செட்டி. நெற்றி நிறையத் திருநீறு பூசுவார், ஆனால் வீட்டில் பேசுவது மலாய்தான். தமிழ் பேசினால் அவருக்குப் புரியாது. ஐந்து பிள்ளைகள். முந்தின நாளெல்லாம் ஜப்பானிய எண்களை முணுமுணுத்தபடியே நடந்தார்.

நான்கு நாற்காலிகளில் நான்கு பேரை எத்தனை விதமாக உட்கார வைக்கலாம் என்பது அவர் எடுத்துக்கொண்ட கணக்கு. முன் பெஞ்சில் நாங்கள் நால்வர் இருந்தோம்: தோட்டப் பள்ளிகளிலிருந்து வந்த மூன்று தமிழாசிரியர்கள், கடைசியில் நான். சுண்ணாம்புக்கட்டியால் ஒவ்வொருவரையும் காட்டி, சிறு பிள்ளைக்குச் சொல்வதுபோல் இழுத்து எண்ணினார்.

"இச்சி... நீ... சான்... சீ."

நான்குக்கு ஜப்பானியச் சொல்லான அந்தச் சீ என் முகத்துக்கு நேராக வந்தது. எனக்குச் சுருக்கென்றது. பக்கத்திலிருந்தவர் குனிந்து, "சாரைப் பாத்தே சீங்கிறாரு" என்றார். மூவரும் சிரித்துவிட்டார்கள்.

அதிகாரி எழுந்தார். மொழிபெயர்ப்பாளன் மலாயில் கேட்டான்: "சியாப்பா கெத்தாவா?"

யார் சிரித்தது என்று அதற்கு அர்த்தம். அதிகாரி என் நண்பரின் சட்டையைப் பிடித்து, எண்ணில் என்ன வேடிக்கை என்று கேட்கச் சொன்னார். "தாக் தாஹு, துவான்" என்றார் நண்பர். தெரியாது என்றது சத்தியம். அவருக்கு எப்படித் தெரியும்? அதிகாரி அறைந்தார். மறுபடி கேட்டார். மறுபடி அதே பதில்.

என் பக்கத்திலிருந்தவர் எழுந்து, சிரித்தது நான் என்று மலாயில் சொன்னார். மற்ற இருவரும் எழுந்தார்கள். நானும் பாதி எழுந்தேன். அவர் என் தோளை அழுத்தினார்.

"நீங்க உக்காருங்க சார். நீங்க எங்க சிரிச்சீங்க, கோவிச்சுக்கிட்டுல்ல இருந்தீங்க."

மூவரையும் வெளியே கொண்டுபோனார்கள். அதிகாரி உட்கார்ந்து, மேலே நடத்து என்று கையைக் காட்டினார். நண்பர் பெஞ்சைப் பார்த்தார். உதட்டில் ரத்தம். பெஞ்சில் நான் ஒருவன்தான் இருந்தேன்.

"ஒரு நாற்காலி, ஓர் ஆள்" என்றார். "எத்தனை விதம்? இச்சி."

அதிகாரி தலையசைத்தார்.

அடுத்த வாரம் சயாம் வண்டியில் அந்த மூவரும் இருந்ததைப் பார்த்தவர்கள் சொன்னார்கள். நண்பர் கடைசிவரை ஆசிரியராகவே இருந்தார். சாகும் முன்பு ஒருமுறை, அன்று என்னதான் வேடிக்கை என்று கேட்டார். சொன்னேன். சிரிக்கவில்லை. எனக்கு இப்போதும் மழை விட்ட காலைகளில் முன்வரிசையில் உட்கார முடிவதில்லை. என் வலப்பக்கம் யாரோ நகர்ந்து இடம் விடுகிறார்கள்.

ஆண்டுதோறும் அந்தத் தேதியில் கோவிலில் மூன்று சீட்டு வாங்குகிறேன். "மோட்ச தீபமா, அர்ச்சனையா?" என்பார் குருக்கள். தீபம் இறந்தவர்களுக்கு, அர்ச்சனை இருப்பவர்களுக்கு. அவர்கள் இறந்ததை யாரும் என்னிடம் சொல்லவில்லை. "அர்ச்சனைதான் சாமி" என்பேன். நட்சத்திரம் கேட்பார், தெரியாது என்பேன். முதல் ஆண்டிலிருந்து சென்ற ஆண்டு வரை சீட்டு, தேங்காய், பழம், பூ எல்லாம் சேர்த்து மொத்தம் இரண்டாயிரத்து நானூற்றுப் பதினெட்டு வெள்ளி எண்பது காசு.