நல்ல தண்ணீர்த் துறைமுகம்

பூட்ஸைக் காணவில்லை.

வாசற்கதவுக்குப் பக்கத்தில் இருந்த செருப்புத் தட்டில் மருமகளின் வீட்டுச் செருப்பு இருந்தது, மகனின் பழைய வேலைப் பூட்ஸ் இருந்தது, ஓட்டைக் குடை ஒன்று இருந்தது. கப்பல்காரியின் பூட்ஸ் மட்டும் இல்லை. குனிந்து தட்டுக்கு அடியில் கையை விட்டுத் துழாவினாள். தூசிதான் கையோடு வந்தது.

"தேடாதே. என் வண்டியில இருக்கு," என்றான் மகன், கோட்டுப் பொத்தானைப் போட்டபடி. "பனி முடியற வரைக்கும் வாசப்படி தாண்டக் கூடாதுன்னு டாக்டர் சொன்னாரா இல்லையா? உனக்கு வாயால சொன்னா ஏறாது. அதான் காலைக் கட்டிட்டேன்."

"நீ கட்டினது பூட்ஸைடா. கால் எங்கிட்டதான் இருக்கு."

"பேச்சுக்கு மட்டும் குறைச்சல் இல்ல," என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான். அவன் லிஃப்ட் மெக்கானிக். ஊரில் இருக்கிற ஜனங்களை மேலும் கீழும் அனுப்பிவைப்பதுதான் அவன் பிழைப்பு. பெற்ற தாயை மட்டும் ஒரே மாடியில் நிறுத்திவைக்கப் பார்த்தான்.

அவனைச் சொல்லியும் குற்றமில்லை. மழைக்காலக் கடைசியில் அவளுக்கு நிமோனியா வந்து பதினொரு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். போன வாரம் டாக்டர் நெஞ்சில் குழலை வைத்துப் பார்த்துவிட்டு, "சுத்தமாயிடுச்சு, குளிர்ல மட்டும் கொஞ்சம் ஜாக்கிரதை" என்றார். முதல் பாதியை அவள் கேட்டுக்கொண்டாள். இரண்டாம் பாதியை மகன் கேட்டுக்கொண்டு, அதில் கை கால் எல்லாம் முளைக்க வைத்தான்.

அன்றைக்கென்று பார்த்து அவள் வெளியே போயே ஆகவேண்டியிருந்தது. அவளுடைய பாஸ்போர்ட் இன்னும் பத்தொன்பது நாளில் காலாவதி. கப்பல் கிளம்ப ஐந்து வாரம். சீட்டு வாங்கியாகிவிட்டது. பாஸ்போர்ட் அலுவலகத்தில் பகல் பன்னிரண்டு மணிக்கு அவள் முறை. அதை விட்டால் அடுத்த முறை குளிர்காலம் போன பிறகுதான் என்று கைப்பேசி சொன்னது. இந்த ஏற்பாட்டையெல்லாம் கைப்பேசியில் தட்டிக் கொடுத்தது மருமகள். பல் டாக்டரிடம் வரவேற்பில் வேலை பார்க்கிற பெண் அவள். "அத்தை, நான்தான் பண்ணேன்னு உங்க பிள்ளைகிட்ட மூச்சு விடாதீங்க" என்று சத்தியம் வாங்கியிருந்தாள்.

கப்பல்காரி சூடேற்றிக்கு முன்னால் உட்கார்ந்து யோசித்தாள். ஜன்னல் கண்ணாடியில் ஆவி படிந்திருந்தது. வெளியே பனி, பஞ்சுக்கடையில் மூட்டை பிரிந்த மாதிரி கொட்டிக்கிடந்தது. இந்த மாதிரிக் குளிர்கால நாட்கள் அவளுக்குப் பழக்கம்தான். ஒரு காலத்தில் வீடு என்றாலே அவளுக்குக் குளிர்காலம்தான்.

முப்பத்திரண்டு வயதில் புருஷன் போய்ச் சேர்ந்தான். ஆறு வயதுப் பிள்ளையை அக்காவிடம் விட்டுவிட்டு, ஒரு பயணிகள் கப்பலில் சலவைக்கூடத்து வேலைக்குப் போனாள். கப்பல் வருஷத்துக்கு ஒரு தடவை உலகத்தைச் சுற்றும். குளிர்காலம் வந்தால் அதைப் பட்டறையில் ஏற்றிப் பழுது பார்ப்பார்கள். அந்த மூன்று மாதம் வேலைக்காரர்களை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். முதல் பனி விழுந்தால் அம்மா வருவாள், பனி கரைந்தால் அம்மா போய்விடுவாள். அம்மாக்கள் எல்லோருமே வானத்திலிருந்துதான் வருகிறார்கள் என்று மகன் ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தான். இதை அக்கா சிரித்துக்கொண்டே சொன்னபோது இவளும் சிரித்துவிட்டு, குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாள்.

இருபத்தாறு வருஷம் அப்படிப் போனது.

"கப்பல் வயித்துக்குள்ள உக்காந்து துணி துவைச்சதுக்குப் பேரு உலகப் பயணமா?" என்று மாடிவீட்டு அம்மா ஒரு தடவை கேட்டாள்.

"நீங்க ஊரை ஜன்னல் வழியாப் பாத்தீங்க. நான் அழுக்கு வழியாப் பாத்தேன். ஊரோட சங்கதி அழுக்குலதான் தெரியும்," என்றாள் இவள்.

அது வீம்புக்குச் சொன்னதில்லை. சலவைக்கூடம் தண்ணீர் மட்டத்துக்குக் கீழே இருந்தது. ஜன்னல் கிடையாது. ஆனால் குளியல் துண்டை உதறினால் கறுப்பு மணல் விழுந்ததா வெள்ளை மணல் விழுந்ததா என்பதை வைத்து எந்தக் கரை என்று சொல்லிவிடுவாள். வேலை குறைந்த துறைமுகங்களில் இரண்டு மணி நேரம், மூன்று மணி நேரம் கரையிறங்க விடுவார்கள். ஓரிடத்தில் டிராம் ஏறி, இறங்கத் தெரியாமல் கடைசி நிறுத்தம் வரை இரண்டு தடவை போய்வந்தாள். மூன்றாம் தடவை ஓட்டுநர் தன் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து, வேகவைத்த உருளைக்கிழங்கில் பாதியைப் பிட்டு நீட்டினான். அவன் பேசியது அவளுக்குப் புரியவில்லை, அவள் பேசியது அவனுக்குப் புரியவில்லை. கிழங்கில் உப்பு இல்லை என்பது மட்டும் இரண்டு பேருக்கும் புரிந்தது.

ஆனால் ஒரே ஒரு துறைமுகம். இருபத்தாறு தடவை அங்கே போயிருக்கிறாள். ஒரு தடவைகூடக் கால் வைத்ததில்லை.

காரணம், தண்ணீர். ஒவ்வொரு துறைமுகத்திலும் கப்பல் தொட்டிகளில் தண்ணீர் நிரப்புவார்கள். பாதி இடங்களில் அது சவர்த் தண்ணீர், சோப்பு நுரைக்காது, வெள்ளைத் துணி சாம்பல் பூத்துவிடும். அந்த ஒரு துறைமுகத்தில் மட்டும் தண்ணீர் மலையிலிருந்து வந்தது. சலவைக்கூடத்துத் தலைவர் குழாயைத் திறந்து உள்ளங்கையில் சோப்பைத் தேய்த்துப் பார்த்துவிட்டு, "நல்ல தண்ணி!" என்று கூவுவார். அவ்வளவுதான். மேசை விரிப்புகள், அதிகாரிகளின் வெள்ளைச் சட்டைகள், அதுவரை சேர்த்துவைத்த வெள்ளையெல்லாம் மலையாகக் கீழே இறங்கும். அன்றைக்குச் சலவைக்கூடத்தில் யாருக்கும் கரையிறங்க அனுமதி கிடையாது. மேலே கப்பலே காலியாகி, எல்லோரும் இறங்கி ஊர் சுற்றுவார்கள். அவள் முழங்கை வரை நுரையில் நின்று, இவ்வளவு நல்ல தண்ணீர் ஓடுகிற ஊர் எப்படி இருக்கும் என்று நினைத்துக்கொள்வாள்.

இப்போது வாங்கியிருந்தது அந்த ஊருக்குத்தான் சீட்டு. பயணியாக. மேல்தளத்தில்.

எழுந்தாள். இரண்டு ஜோடிக் காலுறை போட்டுக்கொண்டாள். மகனின் வேலைப் பூட்ஸின் நுனியில் பழைய செய்தித்தாளைச் சுருட்டி அடைத்தாள். காலை நுழைத்து நடந்து பார்த்தாள். வாத்து நடை. வாத்தும் போகவேண்டிய இடத்துக்குப் போய்ச் சேர்கிறது அல்லவா என்று கதவைச் சாத்தினாள்.

பஸ் நிறுத்தம் வரை சுவரைப் பிடித்துக்கொண்டே போனாள். மூச்சு வாங்கினால் நின்றாள், வாங்கி முடிந்ததும் நடந்தாள். பஸ்காரர் அவள் காலைப் பார்த்துவிட்டு, "எந்தக் கட்டட வேலைக்குப் போறீங்கம்மா?" என்றார். "இடிக்கிற வேலைக்கு," என்று சொல்லி ஏறி உட்கார்ந்தாள்.

அலுவலகத்தில் அறுபத்து மூன்றாம் எண் டோக்கன் கிடைத்தது. பலகையில் ஐம்பத்தெட்டு எரிந்துகொண்டிருந்தபோது மகன் உள்ளே வந்தான். தோளில் பனி, கையில் கிரீஸ். வீட்டுக்குப் போன் அடித்து யாரும் எடுக்காததால் பெண்டாட்டியைக் கூப்பிட்டிருக்கிறான். அவள் இரண்டு நிமிஷம் தாக்குப்பிடித்துவிட்டு உண்மையைச் சொல்லிவிட்டாளாம்.

"அது என் பூட்ஸ்," என்றான்.

"என்னோடது உன் வண்டியில இருக்கு. சரிக்குச் சரி."

"விளையாடாதே அம்மா. எந்திரி, போகலாம்."

"இன்னும் அஞ்சு பேர்தான்."

அவன் பக்கத்து நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தான். கொஞ்ச நேரம் பலகையையே பார்த்தான். பிறகு குரலைத் தாழ்த்திப் பேசினான். "நெஞ்சு, நிமோனியா எல்லாம் விடு. ஒண்ணு கேக்கறேன். வருஷத்துல ஒன்பது மாசம் கடலுக்கு, மூணு மாசம் எனக்கு. அதுதானே பேச்சு? குளிர்காலம் என்னோடது. வெயில்காலத்துல போயேன், யாரு வேண்டாங்கறா? இப்போ அதையும் தூக்கிக் கடலுக்குக் குடுக்கற."

அவனுக்கு முப்பத்தொன்பது வயது. முன்மண்டையில் முடி கொட்டிவிட்டது. கேட்ட குரல் ஆறு வயதுக் குரலாக இருந்தது.

அவள் கை தானாக அவன் முழங்காலுக்குப் போனது. இனி வாய் மன்னிப்புக் கேட்கவேண்டியது. ஒவ்வொரு குளிர்காலமும் அவள் கேட்டதுதான், மனப்பாடம். "உன் வயித்துக்காகத்தாண்டா போறேன், வேற வழி இல்லடா." அவள் கையைத் திரும்ப எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"நான் சீட்டு வாங்கின கப்பல் வெயில்காலத்துல அங்க போறதில்ல. போனாலும் நான் இப்பத்தான் போவேன். உன்கிட்ட நான் கேட்ட மன்னிப்பு போதும். நான் போனது உனக்குச் சோறு போட. அது பாதிதான் நெஜம். மீதிப் பாதி என்ன தெரியுமா? எனக்குப் போகப் பிடிச்சிருந்தது."

அவன் திரும்பிப் பார்த்தான்.

"கப்பல் கட்டை அவுத்துக்கிட்டு நகரும் பாரு, அப்போ தரை உதறும். ஒவ்வொரு வருஷமும் உன்னை நெனச்சு அழுதுக்கிட்டே இருப்பேன், அந்த உதறல் கால்ல ஏறினா சந்தோஷமாவும் இருக்கும். ரெண்டும் ஒரே நேரத்துல. அப்படி ஒருத்தி உனக்கு அம்மாவா வாச்சுட்டா. நான் என்ன பண்ணட்டும்?"

"இத்தனை வருஷம் கழிச்சு இதைச் சொல்லணுமா?"

"இத்தனை வருஷம் பாதியை மட்டும் சொன்னதுதான் தப்பு."

 கிரீஸ் படிந்த விரலை ஒவ்வொன்றாகக் கைக்குட்டையால் துடைத்தான். அறுபத்து மூன்று எரிந்தது. அவள் எழுந்து வாத்து நடையில் கவுன்டருக்குப் போனாள். அவனும் பின்னால் வந்து, இரண்டடி தள்ளி நின்றான்.

கவுன்டர்ப் பெண் பழைய பாஸ்போர்ட்டைப் புரட்டினாள். ஒவ்வொரு பக்கமும் வெள்ளை. "எங்கேயுமே போனதில்லையாம்மா?"

"உலகத்தை இருபத்தாறு தடவை சுத்தியிருக்கேன்."

அந்தப் பெண் சிரித்தாள். அவள் மேல் தப்பில்லை. கப்பல் வேலைக்காரர்களின் பாஸ்போர்ட் கப்பல் அலுவலகத்துப் பெட்டியில் பூட்டிக்கிடக்கும். கரையிறங்க ஒரு அட்டை கொடுப்பார்கள், ஏறும்போது வாங்கிக்கொள்வார்கள். முத்திரை கிடையாது. இதைக் கப்பல்காரி விளக்க வாயெடுக்கும் முன் பின்னாலிருந்து குரல் வந்தது.

"சிரிக்காதீங்க மேடம். அவங்க சொல்றது நெஜம்." மகன்தான். "ஒவ்வொரு தடவையும் வாசல்ல நின்னு வழியனுப்பினவன் நான்."

அந்தப் பெண் சிரிப்பை விழுங்கிக்கொண்டு விண்ணப்பத்தைப் பார்த்தாள். "இந்த ஒரு இடம் காலியா இருக்கு. அவசரம்னா யாருக்குத் தகவல் சொல்லணும்? மகன் பேரைப் போட்டுடலாமா?"

"என் பேரைப் போட்டா," என்றான் அவன், "தகவல் வந்த அன்னிக்கே போய் இவங்களைத் திருப்பிக் கூட்டிட்டு வந்துடுவேன்."

"அப்போ மருமக பேரைப் போடும்மா," என்றாள் கப்பல்காரி.

"அவளும் உன் கூட்டாளியா?"

"இல்லாம? உன்னைக் கட்டிக்கிட்டவளுக்கு ஒரு ஆறுதல் வேண்டாமா?"

பேனாவை வாங்கி மருமகளின் பேரை அவளே எழுதினாள். பள்ளிக்கூடத்தை ஐந்தாம் வகுப்போடு விட்ட கை, எழுத்து பெரிது பெரிதாகக் கட்டத்துக்கு வெளியே போனது. மகன் எட்டிப் பார்த்தான். தொலைபேசி எண்ணில் ஒரு இலக்கத்தை அவள் தப்பாகப் போட்டிருந்தாள். அவன் பேனாவை வாங்கி, அதை அடித்துச் சரியாக எழுதினான்.

வெளியே பனி நின்றிருந்தது. அவன் வண்டிக் கதவைத் திறந்துவிட்டான்.

"எத்தனை நாள்?"

"நாப்பத்தி ஒண்ணு."

"நீ திரும்பி வர்றப்போ குளிர்காலம் முடிஞ்சிருக்கும்."

"முடியட்டும்," என்றாள் அவள். "வெயில்லயும் நான் எப்படி இருப்பேன்னு பாரு."